அந்த நாலு வரி

ஜூன் 7, சனி

அம்மாவைப் போல மறதி நோய் வந்தவர்கள் வாராவாரம் கூடிப் பாடுகிற இடத்துக்கு இன்றைக்குத்தான் முதல் தடவை புனலூர் போனோம். ஆரியங்காவு ரயில் குகைக்குள் வண்டி நுழைந்ததும் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், இன்னொரு கையால் என் கண்ணையும் மூடினாள். "கரி விழும் மதினி, ஜன்னலைச் சாத்துங்க" என்றாள் என்னிடம். கரி வண்டி போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. மீட்டர் கேஜே 2010-ல் நின்று 2018-ல் அகலப் பாதை வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன்.

பத்துப் பன்னிரண்டு நாற்காலி, வட்டமாக. மைக் கிடையாது. நெஞ்சில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டுகிறார்கள், மலையாளத்திலும் தமிழிலும். தொடங்குகிற பாட்டும் முடிக்கிற பாட்டும் வாராவாரம் ஒன்றேதானாம், மற்றவை மாறும். வார்த்தை தப்பினால் யாரும் திருத்தக் கூடாது. கூட வந்தவர்களும் பாட வேண்டும். இங்கிலாந்தில் 2003-லிருந்து இப்படி நடக்கிறது என்றார் இதை நடத்துகிற டீச்சர்.

அம்மா வாயே திறக்கவில்லை. திரும்பும்போது, தென்மலை தாண்டி, தானாக ஒரு மெட்டை முனகினாள். நாலு வரி. நான் கேட்டதே இல்லாத மெட்டு.

ஜூன் 8

கீரை ஆய்ந்துகொண்டே மறுபடி அதே நாலு வரி.

ஜூன் 11

ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல் கதவைத் திறந்துபோட்டு நிற்கிறாள். மில்லில் சங்கு ஊதிவிட்டதாம், அப்பாவுக்குச் சோறு கொண்டு போகணுமாம்.

ஜூன் 14, சனி

பதின்வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் கேட்ட பாட்டுகள்தான் பலருக்குக் கடைசிவரை நிற்கும் என்று டீச்சர் சொன்னார். பழைய பாட்டைத் தேக்கி வைக்கிற மூளைப் பகுதிகளை இந்த நோய் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடுகிறதாம். வண்டியிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா 1942-ல் பிறந்தவள். தாத்தாவுக்குப் புனலூர் பேப்பர் மில்லில் வேலை. கல்யாணமாகிச் செங்கோட்டைக்கு வந்தது 1961. அவள் சிறுமியாக இருந்தபோது செங்கோட்டையே திருவிதாங்கூர்ப் பக்கம், 1956 நவம்பரில்தான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அப்படியானால் அந்த மெட்டு தமிழா மலையாளமா? கோயிலில் கேட்டதா, ரேடியோவிலா, மில் குடியிருப்பில் எந்தப் பெண்ணாவது அம்மி அரைக்கும்போது பாடியதா? பெரியம்மா இருந்தால் கேட்டிருப்பேன். அவளும் போய்விட்டாள். மூன்று பேருக்குப் பதிவு அனுப்பினேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 17

டாக்டர் மறதி மாத்திரை டோனெபெசிலை அஞ்சிலிருந்து பத்து மில்லி கிராமாக்கினார். ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 28, சனி

மோசமான நாள். யாரோ நல்லெண்ணத்தில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்து சினிமாப் பாட்டு போட்டுவிட்டார்கள். அம்மா காதைப் பொத்திக்கொண்டு அலறினாள், நாற்காலியைத் தள்ளிவிட்டாள். வராந்தாவுக்குக் கூட்டிப்போய் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன், என் கைதான் நடுங்கியது. பின்னாலேயே கட்டன் சாயாவோடு ஒரு சேச்சி வந்தார். அவர் கணவர் முன்பு பள்ளி வாத்தியார். வாரம் தவறாமல் வருகிறார்கள், ஆனால் அவர் பாடுவதில்லை, கட்டைவிரலால் தொடையில் தட்டிக்கொண்டு இருப்பார். சேச்சி முழங்கைக் காயத்தைக் காட்டி, குளிப்பாட்டும்போது அடிக்கிறார் மோளே என்றார். மகனிடம்கூடச் சொன்னதில்லையாம். எனக்குச் சொல்லத் தோன்றியது வேறு. போன வாரம் நான் அம்மாவை அடித்துவிட்டேன், தோளில், ஒரே ஒரு அடி. அதைச் சொல்லிவிட்டேன். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆயிருக்கிறது. சேச்சி ஒன்றும் கேட்கவில்லை. என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் சாயா ஊற்றினார்.

டீச்சர் வந்து மன்னிப்புக் கேட்டார். இனி பெட்டி வராது.

ஜூலை 5, சனி

விடாத சாரல். போகவில்லை. அம்மா நாலு தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். சனிக்கிழமை என்று எப்படித் தெரிந்தது?

ஜூலை 9

அண்ணன் போன். "ஏதாவது இம்ப்ரூவ்மெண்ட் இருக்காம்மா?" இது குணமாவதற்குப் போகிற இடம் இல்லை அண்ணா என்றேன். பின்னே எதுக்கு இந்த அலைச்சல் என்றான். அம்மா அங்கே ஒரு மணி நேரம் யாரையும் "நீ யாரு வீட்டுப் பிள்ள" என்று கேட்பதில்லை. யாரென்று தெரியாமலே பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், அது போதாதா என்று பிறகுதான் தோன்றியது. போனில் வாய் வரவில்லை.

ஜூலை 12, சனி

நடுவே ஓர் அமைதி விழுந்தபோது அம்மா முனகத் தொடங்கினாள். யாரும் அசையவில்லை. வாத்தியார் விரல் தட்டியது. மூன்று, நாலு, மூன்று, நாலு. மிஸ்ர சாபு தாளம் என்று டீச்சர் கிசுகிசுத்தார். இரண்டாம் வரியில் ஒரு வார்த்தை தெளிவாக வந்தது. தோணி. கல்லடை ஆற்றுத் தோணியா? தொங்கு பாலத்தடியில் விளையாடியதை முன்பு சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் சொன்னது தோணிதானா, "தோணுது" என்பதன் பாதியா?

ஜூலை 14

தோணி தோணி தோணி என்று நாள் முழுக்க எனக்குள் ஓடுகிறது.

ஜூலை 20

போனில் பதினொரு பதிவு இருக்கிறது. உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். ஒன்றில் குக்கர் விசில், ஒன்றில் பால்காரர், ஒன்றில் "சாப்பிடும்மா" என்று என் குரல் எரிச்சலாக. நாலாவது வரி முழுசாக ஒன்றில்கூட இல்லை.

ஜூலை 23

மூன்று வரியோடு நிறுத்துகிறாள். நேற்றும் அப்படித்தான். நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நாலாவதை நான் பாடினேன், சுருதி சேராமல். தலையை ஆட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

ஜூலை 25

நாளை சனி. மாத்திரை, தண்ணீர், மாற்றுச் சேலை எடுத்துவைத்தாயிற்று. குகைக்கு ஒரு துண்டும்.