மியூசியம் பற்றி மாணவர்களிடம் சர்வே எடுக்கப் போகிறவர்களுக்கு

எம்.ஏ. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு, அருங்காட்சியகம் போவது பற்றி மாணவர்களின் மனப்பான்மை என்ற தலைப்பை எடுத்தேன். வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகள்தான் சாம்பிள். இதே மாதிரித் தலைப்பு எடுப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

"மியூசியம் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மியூசியம், லைப்ரரி, திருக்குறள் இதெல்லாம் பிடிக்காது என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. லைக்கர்ட் அளவுகோலில் (ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'கொஞ்சமும் ஒப்பவில்லை' 1 முதல் 'முழுக்க ஒப்புகிறேன்' 5 வரை போடுவது) எல்லாம் 4, 5 என்றே விழும். கடைசியாக எப்போது போனீர்கள், யாரோடு என்று கேளுங்கள். குட்டு அங்கேதான் உடையும். என்னிடம் பேசியவர்களில் பலருக்கு ஸ்கூலில் கூட்டிப்போனதோடு சரி. எழும்பூர் அரசு மியூசியத்தில் பார்த்தது எது ஞாபகம் இருக்கிறது என்றால் திமிங்கில எலும்புக்கூடு என்பார்கள். அமராவதிச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராஜரும் அதே வளாகத்தில்தான் இருக்கின்றன. "வரிசையா ஓட்டிக்கிட்டுப் போனாங்க, நின்னு பார்க்க விடலை" என்றாள் ஒரு பி.காம். மாணவி. இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? கடைசியில் நாலு வரி எழுத இடம் விடுங்கள்.

போகாததையும் பிடிக்காததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. தூரம் என்று காரணம் எழுதுவார்கள். 2021லேயே மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. திருவொற்றியூரில் ஏறி, சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். துருவிக் கேட்டால் சனி, ஞாயிறு கடை வேலை, கூட வர ஆளில்லை என்று வரும். வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தாலும் பயனில்லை, அன்றைக்கு மியூசியமே விடுமுறை. "செத்த காலேஜுக்கா போற?" என்று, மியூசியத்துக்குச் சென்னையில் வழங்கிய பழைய பேரைச் சொல்லிச் சிரிக்கும் பாட்டி இன்னும் சில வீடுகளில் உண்டு.

எதிர்மறை வாக்கியங்களையும் கலந்து வையுங்கள். 'மியூசியம் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு தண்டம்' என்பது போல. எல்லாவற்றுக்கும் 5 போட்டவர் படிக்காமல் போட்டார் என்று தெரிந்துவிடும். ஆனால் அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்ட பிறகே (5 என்றால் 1) கிரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்; 0.7க்கு மேல் இருந்தால் பொதுவாகச் சரி என்பார்கள்) பாருங்கள். மறந்தால் 0.7க்குக் கீழே விழுந்து வயிற்றைக் கலக்கும்.

கூகுள் ஃபார்மை வரலாற்றுத் துறை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் தட்டிவிட்டால் வேலை சுலபம், முடிவு வீண். பிரிண்ட் எடுத்துக்கொண்டு காமர்ஸ், கெமிஸ்ட்ரி பக்கமும் போங்கள். கேன்டீன் நல்ல இடம்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), மியூசியம் வாசலிலேயே நின்று கேட்டிருக்கலாமே என்று கேட்பார்கள். அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே வந்தவர்கள், வராதவர்களின் மனசும் தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள்.