குறளுக்கு ஏழு சீர், விதிக்குப் பதினாலு சொல்

894.811. நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க எண் தருகிற டூயி தசம வகைப்பாட்டில் தமிழ் இலக்கியத்துக்கு இதுதான் எண். கவிதை என்றால் கடைசியில் ஒரு 1 சேரும், நாடகம் என்றால் 2, நாவல் சிறுகதை என்றால் 3. வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன், இந்த எண்ணை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அமெரிக்காவில் 1876-ல் வந்த திட்டம் இது. இப்போது உள்ள அட்டவணையில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810 முழுசாக உண்டு, ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுசாக உண்டு. நாம் 894-ல் துருக்கி, ஹங்கேரி, பின்லாந்து இலக்கியங்களோடு சேர்ந்து ஒண்டுக்குடித்தனம். எங்கள் நூலகத்தில் சங்கப் பாட்டிலிருந்து போன மாதம் வந்த புதுக்கவிதை வரை எல்லாம் 894.8111. அதனால் அலமாரியில் ஒரு புத்தகத்தைத் தேட எண்ணை வைத்துக்கொண்டு பாதி தூரம்தான் போகலாம், மீதியை எங்கள் நூலக உதவியாளர் அண்ணன்தான் சொல்ல வேண்டும். கணினியில் "இருப்பில் இல்லை" என்று வந்தாலும் "மூணாவது ரேக்ல பின்வரிசையில பாரும்மா" என்பார், அங்கே இருக்கும்.

மதப் பிரிவு இன்னும் வேடிக்கை. இருநூறுகளில் பெரும்பகுதி கிறித்தவத்துக்குப் போய்விட்டது, இந்து சமயம் மொத்தமும் 294.5-க்குள். சரி, தேவாரத்தை எங்கே வைப்பது? பக்தி என்று 294.5-ல் வைப்பதா, பாட்டு என்று 894.8111-ல் வைப்பதா? எங்கள் நூலகத்தில் ஒரே தேவாரம் இரண்டு மாடியிலும் இருக்கிறது, அந்தந்தக் காலத்தில் இருந்த நூலகருக்கு எது சரி என்று பட்டதோ அப்படி.

இதையெல்லாம் யோசித்த ஆள் நம் ஊரிலேயே இருந்தார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார், 1933-ல் தன் கோலன் வகைப்பாட்டை வெளியிட்டார். அதில் தமிழ் மொழிக்கு 31 என்று சுருக்கமான எண். எழுத்தாளரை அவர் பிறந்த வருடத்தை வைத்தே குறிப்பார், பெயரை நம்பமாட்டார். முதலில் படித்தபோது இது என்ன கூத்து என்று நினைத்தேன். தமிழ்ப் பெயர்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு வந்த பிறகு அவர் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறார் என்று புரிந்தது.

மு. வரதராசனை எடுத்துக்கொள்ளுங்கள், நம் வட ஆற்காட்டுக்காரர்தான். எங்கள் பட்டியலில் அவர் மு.வ. என்று ஒரு இடத்தில் இருக்கிறார், வரதராசன் மு. என்று ஒரு இடத்தில், வரதராசனார் என்று ஒரு இடத்தில், அப்புறம் ஆங்கில எழுத்தில் ஏற்றிய பழைய பதிவுகளில் வரதராஜன் என்றும் வரதராசன் என்றும் தனித்தனியாக. மாணவர் ஒரு பெயரைத் தட்டினால் அதில் சிக்கிய புத்தகங்கள் மட்டும் வரும், மற்றவை நூலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். மென்பொருளில் முதலில் வருகிற கட்டமே குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் பிரித்து ஒரு கட்டத்தில் போட்டு, மீதியை இன்னொரு கட்டத்தில் போட்டு, ஒரே ஆளின் ஐந்து பெயர்களையும் ஒன்றாகக் கட்டி வைக்கிற வேலை இருக்கிறதே, அதை யாரும் வந்து பார்ப்பதில்லை, எந்த ஆண்டறிக்கையிலும் அதற்கு ஒரு வரி கிடையாது. ரங்கநாதன் முறைப்படி 1912 என்று பிறந்த வருடத்தைப் போட்டிருந்தால் எல்லா மு.வ.வும் தானாக ஒரே தட்டில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் எழுதுகிற எல்லோருடைய பிறந்த வருடத்தையும் நான் எங்கே போய் விசாரிப்பது என்பதும் நியாயமான கேள்விதான்.

ஊர்ப் பெயரிலும் இதே தலைவலி. இந்தப் பருவத்தில் ஒரு பையன் வந்து, "மேடம், ராணிப்பேட்டை மாவட்ட வரலாறு புக் வேணும்" என்றான்.

"எந்தக் காலம்பா வேணும் உனக்கு?"

"வெள்ளைக்காரன் காலம் மேடம்."

"அப்போ ராணிப்பேட்டைன்னு தேடாதே. வட ஆற்காடுன்னு தேடு. சித்தூரையும் விடாதே."

அவன் முழித்தான். ராணிப்பேட்டை மாவட்டமே 2019-ல்தான் வந்தது, வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது. அதற்கு முன்னால் 1989-ல் பழைய வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. இன்னும் பின்னால் போனால் வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர், 1911-ல் சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் வேலூருக்கு வந்தது. ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881-ல் வந்த வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைத் திறந்தால் வாலாஜாவும் ஆற்காடும் இருக்கும், திருப்பதியும் இருக்கும். ஹெச்.ஏ. ஸ்டூவர்ட் பிறகு அதைத் திருத்தி விரித்து இரண்டு தொகுதியாக்கினார். பையன் அதை ஸ்கேன் பிரதியாகப் பார்த்துவிட்டு, "இவ்ளோ இருக்கா மேடம்!" என்றான். பட்டியலில் ராணிப்பேட்டை என்று தேடினால் இதில் ஒன்றும் வராது. வரவைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பழைய புத்தகத்தின் பதிவிலும் புது மாவட்டப் பெயரையும் நான் சேர்க்க வேண்டும், நேரம் கிடைக்கும்போது சேர்க்கிறேன். அடுத்த முறை மாவட்டம் பிரிக்கும்போது நூலகர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் நல்லது.

ஆனால் இதெல்லாம் என் நேரத்தில் பாதியைக்கூடத் தின்பதில்லை. இப்போது நூலகர் என்றால் ஆய்வேடுகளின் ஒற்றுமை சதவீதம் பார்க்கிற ஆள், அதாவது ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு ஆய்வேடு எவ்வளவு பொருந்துகிறது என்று மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிற ஆள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த விதிப்படி 10 சதவீதம் வரை பொருந்தினால் பிரச்சினை இல்லை. 40 வரை போனால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சான்றிதழில் கையெழுத்து என்னுடையது. வேதியியல், மேலாண்மைத் துறைக்காரர்களுக்கு இது சாதாரணமாக நடக்கும். தமிழ்த்துறை ஆய்வேடு வந்தால்தான் என் பாடு.

முதல் சிக்கல் எழுத்துரு. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடுதான் தரம் என்று ஆணை போட்டுவிட்டது, டிடிபி சென்டர்களுக்கு மட்டும் அந்தத் தபால் இன்னும் போய்ச் சேரவில்லை. பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் அடித்துத் தருகிறார்கள். திரையில் அழகான தமிழ், கோப்புக்குள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். மென்பொருள் அந்தக் குப்பையை உலகம் முழுக்கத் தேடிவிட்டு எதுவும் பொருந்தவில்லை என்று சொல்லும். சதவீதம் பூஜ்யம்! மாணவருக்கு சந்தோஷம், நெறியாளருக்கு அதைவிட சந்தோஷம், "என் ஸ்டூடன்ட் சொந்தமா எழுதியிருக்கான் பாருங்க மேடம்" என்பார். நான் அதை ஏற்க மாட்டேன், யூனிகோடுக்கு மாற்றித்தான் பார்ப்பேன். மாற்றும்போது நடுவில் இருக்கிற ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ் மாதிரி ஏதோவாகிவிடும், மேற்கோள் குறிகள் காணாமல் போகும். அதையும் சரிசெய்துவிட்டு ஓட்டினால், பூஜ்யமாக இருந்தது சில சமயம் சிவப்பில் போய் நிற்கும். அந்த நேரத்தில் நூலகர்தான் வில்லி.

சிவப்பில் எல்லாமே திருட்டும் இல்லை, அங்கேதான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தற்செயலாகப் பொருந்துகிற தொடர் 14 சொற்கள் வரை இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று விதியில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. இதைத் தமிழ்ச் செய்யுளோடு வைத்துப் பாருங்கள். குறளுக்கு ஏழே சீர், ஒரு குறள் மட்டும் இருந்தால் தப்பித்துவிடும், இரண்டு குறளை அடுத்தடுத்து எழுதினாலும் சரியாகப் பதினாலு. குறுந்தொகைப் பாட்டு குறைந்தது நாலு அடி, கடைசிக்கு முந்தின அடியில் மட்டும் மூன்று சீர், மற்றதில் நாலு நாலு. கூட்டினால் 15. மாட்டிக்கொள்ளும்! ஆய்வேடு முழுக்கக் குறுந்தொகை என்றால் கபிலரும் பரணரும் எழுதியதற்கு இந்தப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும்.

சான்று காட்டிய மேற்கோளைக் கழித்துவிடலாம் என்று விதியே சொல்கிறது. ஆனால் மென்பொருளுக்கு மேற்கோள் என்பது மேற்கோள் குறிக்குள் இருந்தால்தான் தெரியும். நம் பிள்ளைகள் செய்யுளை உள்தள்ளி, அடைப்புக்குறிக்குள் பாட்டு எண் போடுவார்கள், குறி போடும் வழக்கம் தமிழ் ஆய்வேட்டில் அவ்வளவாக இல்லை. அதனால் ஒவ்வொரு சிவப்பையும் திறந்து, இது பாட்டு, இது உரை, இது உரையாசிரியர் சொன்னதைத் தன் வாக்கியம் மாதிரி எழுதியது என்று பிரிக்கிறேன். மூன்றாவதுதான் உண்மையான விஷயம். உரையை அப்படியே எடுத்து "என்பது புலனாகிறது" என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். மென்பொருள் கண்டுபிடிக்காததைக்கூட வரியைப் படித்தால் எனக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அந்த உரைகளை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிற "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது, மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், 13,000 அளவில் மின்னிதழ்கள். அறிவியல் துறைகளுக்கு உண்மையிலேயே பெரிய விஷயம், இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழ்த்துறைப் பெண் ஒருத்தி வந்து, "இதுல எனக்கு என்ன மேடம் இருக்கு?" என்று கேட்டாள். பெரிதாக ஒன்றும் இல்லை கண்ணு என்றேன். அவளுக்கு வேண்டியது பழைய இலக்கியப் பத்திரிகைகள். அதற்குச் சென்னை ரோஜா முத்தையா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மூல பாடத்துக்கு 1998-லிருந்து தன்னார்வலர்கள் நடத்துகிற மதுரைத் திட்டம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் சென்னை வேலையை முடித்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம் என்பதையும் சேர்த்து.

இந்தப் பருவத்தில் ஆய்வேடு சமர்ப்பிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் மூன்று விஷயம். யூனிகோடில் அடியுங்கள், டிடிபி சென்டர் அண்ணன் என்ன சொன்னாலும். செய்யுளுக்கு முன்னும் பின்னும் மேற்கோள் குறி போடுங்கள். அப்புறம், கடைசித் தேதியன்று சாயங்காலம் நாலரை மணிக்குப் பென்டிரைவோடு வராதீர்கள், எனக்கு ஐந்து மணிக்குப் பஸ்.