கியூபெக்கில் வாங்கிய டிக்கெட் ஒன்ராறியோவுக்கு வந்த கதை

2024 ஜூலை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, மொன்றியலில் சின்னம்மாவின் பேத்திக்கு நடந்த சாமத்தியச் சடங்குக்காக ஸ்காபரோவிலிருந்து விடியும் முன்பே புறப்பட்டோம். அந்த மாதந்தான் 401 நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் வேக எல்லை 100 கிலோமீற்றரிலிருந்து 110 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. பெல்வில்லுக்கும் கிங்ஸ்டனுக்கும் இடையில் புதிய பலகைகளைக் கண்ட உற்சாகத்தில் சற்றுக் கூடுதலாகவே அழுத்திப் பழகிய கால், கியூபெக் எல்லையைத் தாண்டி அதே சாலை ஓட்டோரூட் 20 என்று பெயர் மாறி, வேக எல்லை 100 ஆன பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வோத்ரேய்-டோரியோனை எட்டுவதற்கு முன்பே பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன. மணிக்கு 128 கிலோமீற்றர் என்று பொலிஸார் அபராத டிக்கெட் எழுதினர். தவறு முழுவதும் என்னுடையது. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

மண்டபத்தில் இதைச் சொன்னபோது அத்தான் சிரித்தார். “உது கியூபெக் டிக்கெட். காசைக் கட்டிப்போட்டு விடு, ஒன்ராறியோவுக்கு ஒண்டும் வராது” என்றார். முப்பது வருடமாகக் கனடாவில் வாகனம் ஓட்டுகிறவர் சொன்ன சொல் என்பதால் நானும் நம்பினேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இணையத்தின் வழியே பணத்தைக் கட்டிவிட்டு அதை மறந்தும் போனேன். பணத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பதையோ, அந்த நிமிடத்தில் என் பெயரில் ஒரு குற்றத்தீர்ப்பு பதிவாகிறது என்பதையோ நான் அப்போது யோசிக்கவில்லை.

2025 மார்ச்சில் காப்புறுதி புதுப்பிக்கும் கடிதம் வந்தது. விபத்து எதுவும் இல்லை, வாகனமும் மாறவில்லை, முகவரியும் மாறவில்லை. ஆனால் கட்டணம் மட்டும் ஏறியிருந்தது. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் காப்புறுதி ஆண்டுதோறும் ஏறுவது புதிதல்ல என்று விட்டுவிட்டிருப்பேன். இருந்தாலும், குற்றப்பதிவு இல்லாதவர்களுக்கான கழிவு என்ற ஒரு வரி பழைய கடிதத்தில் இருந்ததும் புதியதில் காணாமற் போயிருந்ததும் கண்ணில் பட்டதால் முகவரை அழைத்தேன். அவர் கணினியைப் பார்த்துவிட்டு, “அண்ணை, உங்களுக்கு ஒரு ஸ்பீடிங் இருக்கு, கியூபெக்கிலை” என்று தேதியோடு வாசித்துக் காட்டினார்.

ஒன்ராறியோச் சாரதி ஒருவர் கனடாவின் வேறு மாகாணத்தில் வேகத்துக்காகத் தண்டிக்கப்பட்டால், அந்தக் குற்றம் ஒன்ராறியோவிலேயே நடந்ததைப் போல அவருடைய பதிவில் ஏறும் என்பதே விதி. அமெரிக்காவில் நியூயோர்க், மிச்சிகன் ஆகிய இரண்டு மாநிலங்களுக்கும் இதே ஏற்பாடு உண்டு. எல்லையோரம் வாழ்ந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட்டுகிறவர்கள் இந்த இடங்களில்தான் அதிகம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. நியூயோர்க்கும் தன் பங்குக்கு, பிற அமெரிக்க மாநிலங்களில் தன் சாரதிகள் வாங்கும் சாதாரணப் போக்குவரத்துத் தண்டனைகளுக்குப் புள்ளி (குற்றத்துக்காகச் சாரதிப் பதிவில் சேரும் தண்டப் புள்ளி) போடுவதில்லை. ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் வாங்கினால் மட்டும் போடுகிறது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவுக்கு இல்லாத சிறப்பு நமக்கு!

எந்த மாகாணத்தின் அளவுகோலால் புள்ளி கணக்கிடப்படும் என்பதுதான் பலரும் தவறும் இடம். கியூபெக்கின் அட்டவணையில் எல்லையை 21 முதல் 30 கிலோமீற்றர் வரை மீறினால் இரண்டு புள்ளிகள். ஒன்ராறியோவின் அட்டவணையில் 16 முதல் 29 வரை மூன்று புள்ளிகள், 30 முதல் 49 வரை நான்கு, 50ம் அதற்கு மேலும் ஆறு. 15 வரை புள்ளியே இல்லை. நான் மீறியது 28. கியூபெக் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் என் மைத்துனர் அதே இடத்தில் அதே வேகத்தில் பிடிபட்டிருந்தால் அவருக்கு இரண்டு, எனக்கு மூன்று. குற்றத்தை அந்த மாகாணம் எழுதுகிறது, புள்ளியைச் சொந்த மாகாணம் போடுகிறது.

மூன்று புள்ளிகளால் எனக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. முழு அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு ஒன்ராறியோவில் 15 புள்ளிகள் சேர்ந்தால்தான் முப்பது நாள்களுக்கு அனுமதிப்பத்திரம் நிறுத்தப்படும். அதற்கு முன்னர் எச்சரிக்கைக் கடிதங்களே வரும். ஜி1, ஜி2 என்ற புதிய சாரதிகளுக்கான அனுமதிப்பத்திரங்களை வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது கூர்மையான கத்தி: ஒன்பது புள்ளிகளில் அறுபது நாள்கள் நிறுத்தம். கோடை விடுமுறைக்கு மொன்றியலுக்கோ ஹலிஃபாக்ஸுக்கோ நண்பர்களோடு வாகனத்தை எடுத்துக்கொண்டு போகும் மகனிடமோ மகளிடமோ பெற்றோர் சொல்லவேண்டிய கணக்கு இது.

என் கட்டணம் ஏறியதற்குப் புள்ளிகள் காரணமல்ல என்பதை முகவரோடு பேசியபோதுதான் அறிந்தேன். “எத்தனை பொயின்ற்?” என்பதுதான் நம்மவர்கள் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி. காப்புறுதி நிறுவனம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஒன்ராறியோவில் புள்ளி என்பது உங்களுக்கும் போக்குவரத்து அமைச்சுக்கும் இடையிலான கணக்கு. அது அனுமதிப்பத்திரத்தை வைத்திருக்கலாமா என்பதைத் தீர்மானிக்கிறது. காப்புறுதி நிறுவனம் பார்ப்பது குற்றத்தீர்ப்பை, அதாவது எத்தனை தடவை, எந்த வகைக் குற்றத்துக்காக, எந்தத் தேதியில் நீங்கள் குற்றவாளி என்று பதிவானீர்கள் என்பதை. சிறிய குற்றம், பெரிய குற்றம், கடுமையான குற்றம் என்று அவர்கள் தமக்கென வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். என்னுடையது சிறிய வகையில் விழுந்தது. சில நிறுவனங்கள் முதல் சிறிய குற்றத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன, சில கழிவை மட்டும் பறிக்கின்றன, சில நேரடியாகவே கட்டணத்தை உயர்த்துகின்றன. கியூபெக்கில் நிலைமை வேறு. அங்கே புள்ளிகள் கூடினால் அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் செலுத்தும் பணமே கூடும். உடற்காயத்துக்கான காப்புறுதியை 1978 முதல் மாகாண அரசே நடத்துவதால் அந்தப் பங்கு அனுமதிப்பத்திரக் கட்டணத்தோடு சேர்ந்து வருகிறது. புள்ளியும் பணமும் ஒன்று என்ற எண்ணம் அங்கிருப்பவர்களுக்கு ஓரளவு பொருந்தும். அத்தான் முதல் பத்து வருடம் மொன்றியலில் இருந்தவர். அவருடைய கணக்கு அங்கிருந்து வந்திருக்கலாம்.

இந்த வேறுபாடு தெரியாமல் நீதிமன்றத்தில் நடக்கும் ஒரு பேரத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஒன்ராறியோவில் 28 மீறியதாக எழுதப்பட்ட டிக்கெட்டை, வழக்குத் தொடுநரோடு பேசி 15 ஆகக் குறைத்துக்கொண்டு, “பொயின்ற் இல்லாமல் எடுத்துப்போட்டன்” என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும். அபராதம் குறைந்தது உண்மை, புள்ளி இல்லை என்பதும் உண்மை. ஆனால் 15 கிலோமீற்றர் மீறியதும் குற்றத்தீர்ப்புத்தான். காப்புறுதி நிறுவனத்தின் கண்ணில் 28ம் 15ம் பெரும்பாலும் ஒரே வகைச் சிறிய குற்றமே. காப்புறுதிக்காகப் போராடுவதென்றால் டிக்கெட் முழுவதுமாக விலக்கப்படவேண்டும்.

கமராவில் பிடிபட்ட டிக்கெட் இந்தக் கணக்கில் வராது. கமராவுக்கு ஓட்டியவர் யார் என்று தெரியாது. இலக்கத்தகட்டை வைத்து உரிமையாளருக்குத்தான் கடிதம் போகும், புள்ளியும் கிடையாது. ஒன்ராறியோ தன் வேகக் கமராக்களை 2025 நவம்பரில் தடை செய்துவிட்டது, கியூபெக்கில் அவை தொடர்கின்றன.

ஒன்ராறியோவோடு இந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் வாங்கிய டிக்கெட்டை என்ன செய்வது என்று நண்பர் ஒருவர் கேட்டார்; அவர் பிடிபட்டது பென்சில்வேனியாவில். அங்கிருந்து புள்ளி வராது என்பது சரி. ஆனால் ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதிக்கான விண்ணப்பத்தில், கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாகனத்தை ஓட்டியதற்காகவும் பெற்ற எல்லாக் குற்றத்தீர்ப்புகளையும் எழுதும்படி கேட்கப்படுகிறது. ஒன்ராறியோவில் பெற்றவை மட்டும் என்று அங்கே இல்லை. தெரிந்துகொண்டே மறைத்தால், காப்புறுதிச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்படி பின்னர் நீங்கள் கேட்கும் இழப்பீடே மறுக்கப்படலாம். சில நூறு டொலரை மிச்சம் பிடிக்கப் போய், வாகனம் உருக்குலைந்த நாளில் கைவிரிக்கப்படுவதை நான் விரும்பமாட்டேன். அவரிடமும் அதையே சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

நான் என்ன செய்திருக்கலாம் என்று பிறகு யோசித்தேன். கியூபெக்கில் டிக்கெட்டுக்குப் பதிலளிக்க முப்பது நாள்கள் தருகிறார்கள். அதற்குள் குற்றமற்றவர் என்று பதிலளித்து, அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்திருக்கலாம். பிரெஞ்சு தெரியாது என்பது ஒரு தடையல்ல. 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 133ஆம் பிரிவு கியூபெக் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறது. பேசாமல் விட்டுவிடுவது மட்டும் வழியாகாது, ஏனென்றால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வழங்கப்பட்டுச் செலவும் மேலே சேரும். ஒரு சிறிய டிக்கெட்டுக்கு வழக்கறிஞர் கட்டணம் கட்டுவது பெறுமதியா என்பதற்கு, அபராதத்தோடு அல்ல, மூன்று ஆண்டுக் காப்புறுதி வித்தியாசத்தோடுதான் அதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நான் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஏழு மாதம் பிந்தி.

கடைசியாகத் தேதிகள். மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் என் மூன்று ஆண்டுச் சாரதிப் பதிவை எடுத்து மேசையில் வைத்துக் கணக்குப் போட்டேன். புள்ளிகள் குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் இருக்கும். ஆகவே அவை 2026 ஜூலையில் போய்விடும். குற்றத்தீர்ப்பின் மூன்று ஆண்டுகள், நான் அவசரப்பட்டுப் பணம் கட்டிய நாளிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே அது 2027 ஆகஸ்ட் வரை நிற்கும். என் காப்புறுதி புதுப்பிக்கப்படுவது மார்ச்சில். எனவே நிறுவனம் என் பதிவைத் துப்புரவாகக் காணப்போகும் முதற் கடிதம் 2028 மார்ச்சில்தான் வரும். இடையில் 2027 செப்டெம்பரிலேயே புதிய விலை கேட்டுப் பார்க்கலாம் என்று முகவர் சொன்னார். நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.