மாமர நிழலில் புல் மாற்றியது

புல்தரை திட்டுத் திட்டாகக் கருகினால் உரம் போதவில்லை என்றோ தண்ணீர் போதவில்லை என்றோதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எங்கள் வீட்டு முன்புறத்தில் அவை இரண்டுக்கும் குறைவில்லை. குறைந்து போனது வெயில். வீடு கட்டியபோது இடுப்பளவு இருந்த மாமரம் இன்று மொட்டை மாடியைத் தாண்டிவிட்டது. கிழக்கே காலியாக இருந்த மனையிலும் மூன்று மாடிக் கட்டடம் எழும்பிவிட்டது. வெட்டவெளியாக இருந்த காலத்தில் போட்ட பெர்முடா புல்லுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மரத்தடியிலோ, இலைகளின் இடுக்கில் சிந்துவதைச் சேர்த்துக்கொண்டாலும் மூன்று மணி நேரம் தேறாது. நிழலில் இந்தப் புல் உடனே செத்துவிடுவதில்லை. வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீளும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடி மண் தெரியத் தொடங்கும். தெரிந்த மண்ணில் கோரை வந்து உட்காரும். ஐப்பசி மழையில் மிச்ச இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும்.

மாற்றாக எதைப் போடுவது என்ற யோசனையில் முதலில் கொரியன் புல்தான் நின்றது. மெத்தை போன்ற அதன் அழகில் எனக்கு இன்றும் ஆசை உண்டு. ஓரளவு நிழலையும் தாங்கும். ஆனால் வளர்ச்சி மிக மெது, கவனிக்காமல் விட்டால் மேடும் பள்ளமுமாகப் பொம்மிக்கொள்ளும். கடைசியில் பஃபலோ புல் என்று முடிவானது. அகன்ற இலையும் தடித்த ஓடுதண்டும் கொண்ட இந்தப் புல், அடர்ந்த இருட்டைத் தவிர மற்ற நிழல்களில் நன்றாகவே பிழைக்கும். எங்கள் போர் தண்ணீரில் இருக்கும் உப்புக்கும் அது அஞ்சாது. பார்வைக்கு மட்டும் கொஞ்சம் முரடு. வந்து பார்த்த சித்தப்பா, "என்னப்பா, மாட்டுக்குப் போடுற புல் மாதிரில்ல இருக்கு" என்றார். பெர்முடாவின் நேர்த்தி இதற்கு வராது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. நிழலில் அந்த நேர்த்தி பெர்முடாவுக்கே வரவில்லை என்பதுதான் என் பதில்.

டென்னிஸ் போட்டி நடக்கும் விம்பிள்டனிலேயே புல்லை மாற்றியிருக்கிறார்கள். 70 விழுக்காடு ரை புல்லும் 30 விழுக்காடு ஃபெஸ்க்யூ புல்லும் கலந்திருந்த ஆடுகளங்களை 2001 முதல் முழுக்க ரை புல்லாக்கினார்கள். ஆட்டக்காரர்களின் கால் மிதியை இன்னும் நன்றாகத் தாங்கும் தரை அவர்களுக்குத் தேவைப்பட்டது. எங்களுக்குத் தேவைப்பட்டது நிழலைத் தாங்கும் தரை.

புதிய புல்லை நடுவதைவிடப் பழையதை வெளியேற்றுவதே பெரிய வேலை. பெர்முடா என்று நர்சரியில் விற்பது நம் அருகம்புல்லோ, அதிலிருந்து உருவாக்கிய கலப்பினமோதான். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று மணமக்களை வாழ்த்துகிறவர்கள் அந்த வேரைத் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். மேலே ஓடும் தண்டு போதாதென்று மண்ணுக்கடியிலும் வெள்ளை நிறத்தில் ஒரு தண்டு ஓடுகிறது. சுண்டுவிரல் அளவுத் துண்டு ஒன்று மண்ணில் தங்கினாலும் கணுவிலிருந்து துளிர்த்துவிடும். ஈர மண்ணைக் கண்ணாடி பாலிதீனால் மூடி வெயிலில் வேகவைக்கும் முறையை நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். நல்ல முறைதான், ஆனால் அதற்குக் கொளுத்தும் வெயில் வேண்டுமே. வெயில் இருந்திருந்தால் புல்லையே மாற்றியிருக்க மாட்டோம். கிளைஃபோசேட் களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதைத் தவிர, பக்கத்தில் கிணறு இருப்பதால் எனக்கும் அதில் விருப்பமில்லை. ஆகவே மண்வெட்டியும் கையும்தான். மாமரத்தின் வேர்கள் குறுக்கிட்ட இடங்களில் ஆழமாக வெட்டாமல், மண்ணை நனைத்து, பொலபொலப்பாக்கி, தண்டைக் கையால் உருவி எடுத்தோம். எடுத்தவற்றை உரக்குழியில் போடாமல் மொட்டை மாடியில் பரப்பிச் சருகாகும் வரை காயவிட்டோம். மறுபடி தலைகாட்டுபவற்றுக்காகச் சில வாரங்கள் நிலத்தைச் சும்மா போட்டு, துளிர்த்ததைத் துளிர்த்ததும் பிடுங்கினோம்.

வெயில் விழும் வாசல் பக்கத்தை மாற்றவில்லை. பஃபலோவைவிடப் பெர்முடா வறட்சியை நன்றாகத் தாங்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்களுக்கு அந்தக் குணத்தின் அருமை தெரியும். 400 சதுர அடிப் புல்தரைக்கு வாரம் 25 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஏறத்தாழ 930 லிட்டர் ஆகிறது. வெயிலில் நிற்கும் பஃபலோவுக்கு அவ்வளவு ஊற்றிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் கடப்பைக் கற்களைச் செங்குத்தாகப் புதைத்து வேலி போட்டிருக்கிறோம். அப்படியும் பெர்முடா கல்லின் மேலேறி எட்டிப் பார்க்கிறது. வாரம் ஒருமுறை கத்தரிக்கோலோடு நிற்க வேண்டியிருக்கிறது.

நடவை ஆடியில் வைத்துக்கொண்டோம். மண்ணில் மட்கிய தொழு உரம் கலந்து, மூன்று நான்கு கணுக்கள் உள்ள கரணைகளை அரை அடி இடைவெளியில், இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி படுக்கைவாட்டில் ஊன்றினோம். வேர் பிடிக்கும் வரை தினமும் பூவாளியால் தெளித்து, பிறகு இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினோம். ஐப்பசி மழை வலுப்பதற்குள் ஓடுதண்டுகள் கைகோத்துவிட்டன.

பராமரிப்பில் முக்கியமாக மாற வேண்டியது வெட்டும் உயரம். பெர்முடாவை ஒட்ட வெட்டிப் பழகிய கைக்கு இது எளிதில் வராது. பஃபலோவுக்கு மண்ணுக்கடியில் ஓடும் தண்டு கிடையாது. அதன் உயிர் முழுவதும் தரைக்கு மேலேதான். ஒட்ட வழித்துவிட்டால் பெர்முடாபோல அடியிலிருந்து மீண்டு வர வழியில்லை. ஏழு எட்டு சென்டிமீட்டருக்குக் கீழே வெட்ட வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லி, இயந்திரத்தின் தகட்டையும் உயர்த்தி வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் இலையில் சாம்பல் நிறப் புள்ளிகள் விழும் பூஞ்சை நோய் இதற்கு வருவதுண்டு. தழைச்சத்து மிகுந்தால் அது இன்னும் பரவும் என்பதால் அந்த மாதங்களில் யூரியா போடுவதில்லை, மாலையில் தண்ணீர் பாய்ச்சுவதுமில்லை.

மரத்தின் அடியைச் சுற்றி மூன்றடிக்கு எதையும் நடவில்லை. அங்கே பஃபலோவுக்கும் வெளிச்சம் போதாது. உதிரும் மாவிலைகளை அங்கேயே பரப்பிவிடுகிறோம்.