அஞ்சரை வானும் ரெண்டு எலெக்‌ஷனும்

2025 ஜனவரி 29, புதன்

எங்கட ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட் மாகாண எலெக்‌ஷன் வைக்கிறாராம், பெப்ரவரி 27. 2026 யூன்ல வரவேண்டியது, ட்ரம்ப் வரி போடப்போறார், அதால எனக்கு இப்பவே மக்கள் ஆணை வேணும் எண்டு நிக்கிறார். காலமை வானில ஏறி சீற்பெல்ற் கொழுவ முதலே அண்ணை தொடங்கிட்டார். ஆளுக்கு ஃபோர்ட் எண்டால் உயிர், அதுவும் ரெண்டு கிழமைக்கு முதல் 'கனடா விற்பனைக்கு இல்லை' எண்ட தொப்பியோட ஒட்டாவாவுக்குப் போனதைப் பார்த்த பிறகு சொல்லி வேலையில்லை. பின்சீற்றில இருந்து அக்கா, "இப்பதான் 200 டொலர் செக் அனுப்பினவர், உடன எலெக்‌ஷன். எனக்கென்ன ரெண்டையும் கூட்டிப் பார்க்கத் தெரியாதே" எண்டா.

இந்த வானைப் பற்றி எழுதவேணும் எண்டு கனநாளா நினைச்சனான். ரொறொன்ரோவில மார்க்கம் ரோட்டும் லோரன்ஸும் சந்திக்கிற இடத்தில அஞ்சரைக்கு ஏறினால் 401 ஹைவேயால கிழக்க போய் ஒரு கார்ப்பாட்ஸ் ஃபக்ரறி. அண்ணை ஓடுவார், அவர் கொன்சவேட்டிவ். அக்கா பக்கிங் லைனில இருபது வருசம், யூனியன் ஆள், எப்பவும் என்டிபி, அந்த இடதுசாரிக் கட்சி. நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருத்தர், மெஷின் மெயின்ரனன்ஸ், பரம்பரை லிபரல். பிறகு திருச்சிப் பெடியன் ஒருத்தன், ஸ்ருடன்ராக வந்து இப்ப வேர்க் பெர்மிட்டில நிக்கிறான், அவனுக்கு வோட்டே இல்லை, ஆனா ஆகக்கூடக் கதைக்கிறது அவன்தான்.

பெப்ரவரி 11, செவ்வாய்

அண்ணையின்ர மாமி விழுந்துபோனா, எமர்ஜென்சில ஒன்பது மணித்தியாலம் இருந்துபோட்டு வந்திருக்கினம். இண்டைக்கு முழுக்க பிரதமர் ட்ரூடோவுக்குத் திட்டு. போன மாசம் 6ஆம் தேதியே விலகப்போறன் எண்டு சொல்லிப்போட்ட மனுசனை இன்னும் விடுறாரில்லை. நியூஃபவுண்ட்லாந்துக்காரர் கோப்பியைக் கீழ வைச்சிட்டு, ஆஸ்பத்திரி மாகாணத்தின்ர பொறுப்பு, ஒட்டாவா, அதாவது ஃபெடரல் அரசாங்கம், காசில ஒரு பங்கைத்தான் அனுப்பும், கட்டிலும் நேர்சும் ஃபோர்டின்ர கணக்கு எண்டார். அண்ணை நம்பேல்லை. "ஸ்ருடன்ற்ஸ்மாரைக் கொண்டுவந்து குவிச்சது ஆர்? அதுவும் ஃபோர்டோ?" எண்டு கேட்டார்.

அங்கதான் பெடியன் பிடிச்சான். "அண்ணா, விசா குடுத்தது ஃபெடரல்தான், ஆனா எந்தக் காலேஜ் எங்களைச் சேக்கலாம்னு லிஸ்ட் போட்டது மாகாணம். 2019ல ஃபோர்டு ட்யூஷன் ஃபீஸை பத்து பர்சன்ட் குறைச்சு அப்படியே ஃப்ரீஸ் பண்ணிட்டாரு, கவர்மெண்ட் காசும் ஏறல, அப்புறம் காலேஜ் எங்க போகும்? எங்க அப்பாகிட்டதான் வந்துச்சு" எண்டான். அவன்ர தகப்பன் வீட்டுப் பத்திரம் வைச்சுக் கடன் எடுத்தவராம். 2024 ஜனவரியில ஒட்டாவா ஸ்ருடன்ற் பெர்மிட்டுக்கு எல்லை போட்ட பிறகுதான் இந்த ஆட்டம் அடங்கினது. வானுக்குள்ள கொஞ்சநேரம் ஹீற்றர் சத்தம் மட்டும்தான். பிக்கரிங் தாண்டினாப்பிறகு அண்ணை, "ரெண்டு பேரும்தான் பிழை" எண்டார், அது அவற்ற பக்கத்தில பெரிய விட்டுக்குடுப்பு.

பெப்ரவரி 28, வெள்ளி

ஃபோர்டுக்கு 80 சீற், தொடர்ந்து மூண்டாவது மெஜோரிட்டி. என்டிபி 27, லிபரல் 14. ஆனா வாக்கு வீதத்தைப் பார்த்தால் லிபரலுக்கு ஏறத்தாழ 30, என்டிபிக்கு 19ஐயும் தொடேல்லை. கூட வாக்கு எடுத்தவைக்கு அரைவாசி சீற்! என்டிபியின்ர வாக்கு சில இடங்களில குவிஞ்சு கிடக்கு, லிபரலின்ரது எல்லா இடமும் பரவி எல்லா இடமும் ரெண்டாவதா வந்திட்டுது, தலைவி பொனி குரொம்பியே தன்ர றைடிங்கில (தொகுதியில) தோத்திட்டா. 2015ல ட்ரூடோ இதுதான் தொகுதிக்குத் தொகுதி ஆகக்கூட வாக்கு எடுத்தவர் வெல்லுற இந்த முறையில நடக்கிற கடைசி எலெக்‌ஷன் எண்டு சத்தியம் பண்ணினவர், பிறகு கைவிட்டவர். நியூஃபவுண்ட்லாந்துக்காரருக்கு அதை ஞாபகப்படுத்தினால் யன்னலுக்கு வெளியால பார்ப்பார்.

இனி வெக்கக்கேடு. "சரி, நேற்று ஆர் ஆர் போட்டனீங்கள்?" எண்டு அக்கா கேட்டா. அக்காவும் நியூஃபவுண்ட்லாந்துக்காரரும் போட்டவை. ஃபோர்ட் ஃபோர்ட் எண்டு ஒரு மாசம் காதைத் திண்ட அண்ணை, "எப்பிடியும் வெல்லுவார்தானே" எண்டு படுத்திட்டார். நான்? வேலை முடிஞ்சு வந்து சொக்ஸைக் கழட்டினால் பிறகு வெளிய போறது கஷ்டம், ரோட்டுக்கரையில பனி வேற குவிஞ்சு கிடக்கு, பள்ளிக்கூடம் நாலு நிமிச நடைதான், போகேல்லை. மாகாணம் முழுக்க போட்டது 45 வீதம் சொச்சம்தானாம். ஆஸ்பத்திரியைப் பற்றி மூண்டு கிழமை வாய் கிழியக் கதைச்சுப்போட்டு, ஆஸ்பத்திரியை நடத்துற அரசாங்கத்துக்கு வோட்டுப் போடாத ரெண்டு பேர் ஒரே வானில முன்சீற்றில இருக்கிறம்.

மார்ச் 5, புதன்

நேற்று ட்ரம்பின்ர வரி தொடங்கீட்டுது, 25 வீதம். மாகாண அரசின்ர சாராயக்கடை எல்சிபிஓவின்ர தட்டுகளில இருந்து அமெரிக்கப் போத்தல் எல்லாம் இறக்கியாச்சு. ஃபக்ரறியில சூப்பர்வைசர் ஒண்டும் சொல்லேல்லை, அதுதான் பயமாக் கிடக்கு. நாங்கள் செய்யிற சாமான் எல்லையால போய் வந்து போய்த்தான் ஒரு காராகுது, ஒவ்வொருக்காலும் ஆர் கட்டுறது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இண்டைக்கு வானுக்குள்ள கட்சி இல்லை, எல்லாரும் ஒரே ஆளைத்தான் திட்டினது.

மார்ச் 24, திங்கள்

ட்ரூடோவின்ர இடத்துக்கு வந்த லிபரல் கார்னி பிரதமராகி ஒன்பது நாளில ஃபெடரல் எலெக்‌ஷன் அறிவிச்சிட்டார், ஏப்ரல் 28. அண்ணைக்கு இப்ப பெரிய குழப்பம், ஃபோர்ட் ஏன் ஃபெடரல் கொன்சவேட்டிவ் தலைவர் பொய்லியேவுக்காக இறங்கேல்லை எண்டு. ரெண்டும் ஒரே கடைக்கு ரெண்டு கிளை எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருக்கிறார். ஒன்ராறியோக் கொன்சவேட்டிவ் வேற, ஒட்டாவாக் கொன்சவேட்டிவ் வேற, நிர்வாகமும் வேற காசும் வேற எண்டு சொன்னால், "அப்ப ஏனப்பா ஒரே நீலம்?" எண்டு கேட்கிறார். அதுக்கு என்னட்டயும் பதில் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

அண்ணை காலமையே ராங்க் நிரப்பிப்போட்டு வந்து நிண்டார். சனத்தின்ர தலையில இருந்த கார்பன் வரி நேற்றோட போயிட்டுது, லீட்டருக்கு 17.6 சதம். ரெண்டு வருசமா 'வரியை வெட்டு' எண்டு கத்தினது பொய்லியேவ், வெட்டினது கார்னி. "களவெடுத்திட்டான்" எண்டு திட்டிக்கொண்டே சிரிக்கிறார். அக்கா மட்டும், "அந்த வரிக்குப் பதிலா மூண்டு மாசத்துக்கொருக்கா பாங்கில விழுந்த காசும் நிக்கப்போகுது, அதை ஒருத்தரும் கதைக்கமாட்டியள்" எண்டா. நியாயம்தான், கார் இல்லாத அக்காவுக்கு அது லாபமான வரி.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

லீவு. காலமையே முற்கூட்டிய வாக்களிப்புக்குப் போனனான். லைன் பள்ளிக்கூடத்தைச் சுத்தி நிண்டது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல, ஒருத்தரும் திரும்பிப் போகேல்லை. முன்னால நிண்ட தாத்தா ஒருத்தர் கைத்தடியோட, பின்னால ரெண்டு பெட்டையள் நேற்றைய டிபேட்டைப் பற்றிச் சண்டை. பெப்ரவரியில இதே வாசலுக்கு நான் வராதது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆருக்குப் போட்டனான் எண்டு இதில எழுதமாட்டன், மனிசியும் இதை வாசிக்கிறவ.

ஏப்ரல் 29, செவ்வாய்

நித்திரை இல்லை. லிபரலுக்கு 170 கிட்ட, மெஜோரிட்டிக்கு 172 வேணும், இன்னும் எண்ணுகினம். பொய்லியேவ் தன்ர கார்ல்ட்டன் றைடிங்கிலயே விழுந்திட்டார். அங்க வாக்குச்சீட்டில 91 பேர், கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம், மடிச்சுப் போடவே ஒரு ஆள் வேணும். வாக்களிச்சது 69 வீதமளவில எண்டு சொல்லினம்.

நான் அண்ணைதான் புலம்புவார் எண்டு நினைச்சன். புலம்பினது அக்கா. என்டிபி 7 சீற், பன்னிரண்டு இல்லாட்டி பாராளுமன்றத்தில கட்சி எண்டே கணக்கெடுக்கமாட்டினம், தலைவர் ஜக்மீத் சிங்கும் தோத்து விலகிறார். "பல்லுக் கட்டினது அவங்களாலதான்" எண்டா, அந்த டென்ரல் பிளானைத்தான் சொல்லுறா. எக்ஸிற் வரைக்கும் ஒண்டும் கதைக்கேல்லை, பிறகு மெல்லமா, "நானும் இந்தமுறை லிபரலுக்குத்தான் போட்டனான், ட்ரம்பை நினைச்சுப் பயந்து" எண்டா. ஒருத்தரும் பகிடி விடேல்லை.

பின்னேரம் கல்கரி மச்சானின்ர வொய்ஸ் மெசேஜ், ஆறு நிமிசம். அல்பேர்ட்டாவின்ர காசைக் கியூபெக் திண்ணுதாம், பிரிஞ்சு போகவேணுமாம். அங்க டானியல் ஸ்மித்தின்ர அரசாங்கம் இண்டைக்கு மக்கள் கேக்கிற ரெஃபரெண்டத்துக்கு வேண்டிய கையெழுத்தைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்திருக்கு. மச்சானுக்குத் திருப்பி எழுதினன்: அல்பேர்ட்டா கியூபெக்குக்கு செக் எழுதுறேல்லை, நீயும் நானும் கட்டுற ஃபெடரல் வரியில இருந்துதான் வருமானம் குறைஞ்ச மாகாணங்களுக்கு அந்தச் சமப்படுத்தல் காசு போகுது, உங்க சம்பளம் கூட எண்டபடியால் ஆளுக்குக் கூடப் போகுது, எங்கட ஒன்ராறியோவும் கொஞ்சம் வாங்குது. அனுப்பினாப்பிறகுதான் யோசிச்சன், 2015ல எண்ணெய் விலை விழுந்து அவன் ஒரு வருசம் வேலையில்லாமல் இருந்தவன், அப்பவும் அல்பேர்ட்டாவுக்கு அதில இருந்து ஒரு சதமும் வரேல்லை. அந்த எரிச்சலைக் கணக்குச் சொல்லி ஆத்தேலாது. பதில் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.

மே 3, சனி

ஒஷாவா ஜீஎம் கார் ஃபக்ரறியில மூண்டு ஷிஃப்டை ரெண்டாக்கப்போகினமாம். எங்களுக்கு ஓவர்ரைம் ஏற்கனவே நிண்டுபோச்சு. வான் காசை அண்ணை கிழமைக்கு அஞ்சு டொலர் குறைச்சிட்டார், ஒருத்தரும் கேட்கேல்லை.

மே 26, திங்கள்

நியூஃபவுண்ட்லாந்துக்காரர் முகம் கறுத்துப்போய் ஏறினார். அவற்ற ஊர் இருக்கிற ரெறா நோவா றைடிங்கில முதல் எண்ணேக்க லிபரல் 12 வாக்கால வெண்டது, திரும்ப எண்ணினால் கொன்சவேட்டிவ் 12 வாக்கால வெண்டிட்டுது, வெள்ளிக்கிழமை முடிவு வந்ததாம். கியூபெக்கில ரெறபொன்னில திரும்ப எண்ணி ஒரே ஒரு வாக்கால லிபரல் வெண்டதை ரெண்டு கிழமைக்கு முதல் இதே வானுக்குள்ள கொண்டாடின மனுசன்.

அண்ணை பகிடி விடப்போறார் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். அதுக்கிடையில நியூஃபவுண்ட்லாந்துக்காரரே தானாச் சொன்னார், ஊரில அவற்ற தம்பியார் போடேல்லையாம், மச்சினனும் போடேல்லையாம், ரெண்டு பேரும் நண்டுக்குக் கடலில, எப்பிடியும் எங்கட ஆள்தானே வெல்லுவார் எண்டு முற்கூட்டியும் போடாமல் போனவங்களாம்.

அண்ணை பக்கத்தில திரும்பி என்னைப் பார்த்தார். நான் றேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிட்டன்.