பேருந்து கிளம்புவதற்கு முன்

ஒரு ரக்பி அணியை வெளியூர்ப் போட்டிக்குத் தயார்படுத்தும்போது பெயர்ப்பட்டியலை நான் எப்போதும் முன்வரிசையிலிருந்துதான் எழுதத் தொடங்குவேன். ஓடிப்போய் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி ட்ரை போடுகிறவர்கள், உதைத்துப் புள்ளி சேர்க்கிறவர்கள் எல்லாம் அப்புறம். ஸ்க்ரமில் இரண்டு அணிகளும் குனிந்து தோளோடு தோள் கோத்துப் பந்துக்காகத் தள்ளும்போது, பின்னால் இருப்பவர்களின் விசை அத்தனையும் முன்னால் நிற்கும் மூன்று பேரின் தோளிலும் கழுத்திலும்தான் இறங்குகிறது. நடுவில் ஹூக்கர், இரு பக்கமும் ப்ராப். அந்த இடத்தில் பழக்கமில்லாத ஒருவரை நிறுத்தி, ஸ்க்ரம் சரிந்து விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து. விதியும் இதில் கறாராகவே இருக்கிறது. பதினைந்து பேர் ஆட்டத்துக்கு 23 பேர் கொண்ட பட்டியல் கொடுத்தால், அதில் 6 பேர் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். ஆள் போதவில்லை என்றால் நடுவர் தள்ளாத ஸ்க்ரம் என்று அறிவித்துவிடுவார். கோத்துக்கொள்ளலாம், தள்ளக் கூடாது, பந்தைப் போட்ட அணியே எடுத்துக்கொள்ளும். ஸ்க்ரமை நம்பி ஆடும் அணிக்கு அதோடு பாதி பலம் போய்விடும்.

சிங்கப்பூரில் ஒரு ரக்பி கிளப்பின் அணி மேலாளராக வேலை பார்க்கிறேன். வட்டாரத்து கிளப்புகள் கூடும் சாம்பியன்ஷிப் ஒன்றுக்காக அக்டோபரில் மலேசியாவுக்கு அணியைக் கூட்டிக்கொண்டு போன அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அது பத்துப் பேர் ஆட்டம். 1960களில் மலேசியாவிலேயே உருவான வடிவம் என்பதால் அங்கே அதற்குத் தனி மரியாதை உண்டு. பாதிக்குப் பத்து நிமிடம்தான். ஆனால் வார இறுதி இரண்டு நாளில் பல ஆட்டங்கள். ஸ்க்ரமில் பக்கத்துக்கு ஐந்து பேர், அதில் மூன்று பேர் முன்வரிசை. ஆட்டம் சின்னதானாலும் அந்த மூன்று பேரைப் பற்றிய கவலை சின்னதாவதில்லை.

சிங்கப்பூரில் ரக்பி என்றால் வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நினைக்கும் தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடாங் திடலைக் கடக்கும்போது கிரிக்கெட் கிளப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பள்ளிகளில் நம் பிள்ளைகள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2016இல் தேசிய விளையாட்டரங்கில் நடந்த உலக எழுவர் தொடரில் கென்யா 30–7 என்று ஃபிஜியை வீழ்த்திக் கோப்பையை எடுத்ததே, அதை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரு பையன் இப்போது எங்கள் அணியில் ப்ராப். தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில் இருக்கிறான். அவன் நாட்டைவிட்டு வெளியே போக முகாமில் விடுப்பு வாங்க வேண்டும். போட்டி நடக்கும் தேதி, தங்கும் இடம், பொறுப்பாளர் யார் என்று எழுதிய கடிதத்தைச் சீக்கிரமே கொடுத்துவிட்டேன். முகாமில் பயிற்சித் தேதி மாறினால் எங்கள் பட்டியலும் மாறும் என்பதை முதல் நாளே கோச்சிடம் சொல்லிவைத்தேன். சேவையை முடித்த பிறகும் திரும்பக் கூப்பிடும் ரிசர்விஸ்ட் அழைப்பு வரக்கூடியவர்கள் யார் யார் என்றும் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

காகித வேலை நிறைய. கடப்பிதழ் காலாவதித் தேதி, ரிங்கிட் முன்பணம், பேருந்து உட்லண்ட்ஸ் வழியாகப் போவதா துவாஸ் வழியாகப் போவதா என்ற வாக்குவாதம். வெள்ளிக்கிழமை மாலை என்பதால் துவாஸ்தான் என்று முடிவானது. இதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பயணக் காப்புறுதிப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். சாதாரணச் சுற்றுலாக் காப்புறுதிகள் பலவற்றில் உடல் மோதும் விளையாட்டுப் போட்டிகளுக்கு இழப்பீடு இல்லை என்று ஒரு வரி இருக்கும். கிளப் சார்பில் தனியாக எடுத்தால் செலவு கூடும். அந்தச் செலவில் நான் பேரம் பேசமாட்டேன்.

பயிற்சிக்குத் திடல் கிடைப்பது இன்னொரு பாடு. புக்கிட் தீமாவில் விளையாட்டுத் திடல்கள் இருந்த டர்ஃப் சிட்டி 2023 இறுதியில் மூடப்பட்ட பிறகு, கிடைக்கிற நேரத்தை எடுத்துக்கொள்ளும் நிலைமைதான். எங்களுக்குக் கிடைத்தது வார நாள் இரவுகள், விளக்கொளியில். ஆனால் போட்டி நடக்கப்போவது மத்தியான வெயிலில். இரவுக் காற்றில் ஓடிப் பழகிய உடம்பு இரண்டு மணி வெயிலில் என்ன செய்யும்? பிசியோ சொன்னபடி சில ஞாயிறுகளில் பயிற்சியை முற்பகல் வெயிலுக்கு மாற்றினோம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எல்லோரையும் எடை பார்த்தோம். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று கணக்கு. ப்ராப் தம்பிக்கு இறங்கிய எடையைப் பார்த்த பிறகுதான், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தண்ணீர், எப்போது என்று பெயர் போட்டு எழுதி ஐஸ் பெட்டியின் மூடியில் ஒட்டினேன். இடையில் இரண்டு பயிற்சிகள் மின்னல் எச்சரிக்கையால் போயின. மழை நின்றாலும் எச்சரிக்கை நீங்கும்வரை யாரும் திடலில் கால் வைக்கக் கூடாது. கூரைக்கடியில் நின்றுகொண்டே, ஓரக்கோட்டைத் தாண்டிய பந்தை மறுபடி உள்ளே எறியும் லைன்அவுட்டுக்கான சைகைகளை ஒப்பித்தார்கள்.

ப்ராப் தம்பியின் அம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். ஈசூனில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டார்: “ஏம்மா, அங்க அவனுக்குத் தலையில அடிபட்டா யாரு பாப்பா? கோச்சு பந்தப் பாப்பாரு. நீங்க?”

நல்ல கேள்வி. என் வேலையின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன். சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு அட்டையை எடுத்துக் காட்டினேன். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் அதில் இருக்கும். இன்று எந்தத் திடலில் ஆடுகிறோம்? இப்போது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? இந்த ஆட்டத்தில் கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டம் யாரோடு? அதில் ஜெயித்தோமா? ஒன்றுக்குத் தடுமாறினாலும் ஆள் வெளியே. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் நடை தள்ளாடினால், முழி சரியில்லை என்றால், அப்போதும் வெளியேதான். சந்தேகம் என்றாலே வெளியே, அன்றைக்கு மறுபடி உள்ளே வர முடியாது. தொழில்முறை அல்லாத ஆட்டங்களுக்கு உலக ரக்பி அமைப்பு எல்லா நாட்டுக்கும் சொல்லும் நெறி இது. அம்மா அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கோச்சு வேணாம்னு சொன்னா?” என்றார். “கோச்சுக்கு அதுல பேச்சு கிடையாதும்மா” என்றேன்.

வாயால் சொல்லிவிட்டால் போதாது என்பதால்தான் எங்கள் கிளப்பில் பருவம் தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். தலைக்காயம் என்றால் முடிவு பிசியோவுக்கும் மருத்துவருக்கும் உரியது. நிறைவேற்றுவது மேலாளர். கோச்சும் ஆட்டக்காரரும் அதில் தலையிட முடியாது. கோச், அணித்தலைவர், பிசியோ, நான் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அரையிறுதியில் ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. நிதானம் இருக்கும்போது எடுத்த முடிவை அந்த நேரத்துக்கு எடுத்துச் செல்வதுதான் தயாரிப்பு. ஜெர்சியும் ஹோட்டலும் யார் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்யலாம்.

அந்தப் பக்கத்துக்குச் சோதனை வந்தது நட்பு ஆட்டம் ஒன்றில். போட்டிக்கு மூன்று வாரம்கூட இல்லை. எங்கள் முதல் ஹூக்கர், ஜூரோங்கில் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி, டேக்கிள் போட, அதாவது எதிராளியைப் பிடித்து வீழ்த்தக் குனிந்தபோது அவருடைய முழங்கால் இவன் பொட்டில் பட்டது. உடனே எழுந்துவிட்டான். அடுத்த ஸ்க்ரமுக்குத் தவறான பக்கம் போய் நின்றான். பிசியோ விசிலடிக்கச் சொல்லி உள்ளே ஓடினார். அவனிடம் நான் தமிழிலேயே கேட்டேன்: “கடைசியா யாருடா ட்ரை போட்டது?” போட்டவனே அவன்தான். இன்னொருவன் பெயரைச் சொன்னான்.

எங்கள் கணக்கில் அப்படிப்பட்டவர் குறைந்தது 21 நாள் கழித்துத்தான் ஆட்டத்துக்குத் திரும்பலாம். அதுவும் படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் தலைவலியோ மயக்கமோ இல்லை என்றால் மட்டும். நாள்காட்டியை எடுத்து எண்ணத் தேவையே இருக்கவில்லை. அவன் போட்டிக்கு வர முடியாது.

மறுநாள் காலை பேசினான். “அக்கா, எனக்கு ஒண்ணுமே இல்ல. நல்லாத் தூங்கினேன். லீவு போட்டாச்சு, சூப்பர்வைசர் கையக் கால புடிச்சு வாங்கினது. நீங்க தேதிய மட்டும் கொஞ்சம்...” முடிக்கவில்லை. கோச்சும் வந்து, மருத்துவர் பார்த்துச் சான்று கொடுத்தால் முன்கூட்டியே சேர்க்கலாமா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவனைச் சிறுவயதிலிருந்து வளர்த்தவர் அவர். முதல் அடி ஆறும் முன் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், இளவயதுக்காரர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். இது கோச்சுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கேட்டார். போட்டி நெருங்கும்போது நல்லவர்களுக்கும் அப்படிக் கேட்கத் தோன்றும். நான் கையெழுத்திட்ட அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு, “சரி, வேற ஆள் பாப்போம்” என்றார். அன்று மாலையே ஏற்பாட்டாளர்களுக்குப் பட்டியலை அவன் பெயர் இல்லாமல் அனுப்பிவிட்டேன். அனுப்பாமல் வைத்திருந்தால் தினமும் ஒருவர் வந்து கேட்டிருப்பார்.

வேறு ஆள் யார்? பின்வரிசையில் வாட்டசாட்டமான இரண்டு பேர் “நான் நிக்கிறேன்” என்று முன்வந்தார்கள். தைரியத்துக்கு நன்றி சொல்லி மறுத்தோம். சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் அண்ணன் நினைவுக்கு வந்தார். நாற்பதை நெருங்குகிறவர், பள்ளிக் காலத்திலிருந்து ஹூக்கர், மூத்தோர் ஆட்டங்களில் இன்னும் ஸ்க்ரமில் நிற்கிறார். பிசியோ கழுத்துப் பலத்தைச் சோதித்தார், ஸ்க்ரம் இயந்திரத்தில் தள்ள வைத்துப் பார்த்தார், சரி என்றார். அண்ணனுக்கு ஒரே ஒரு நிபந்தனை: “புரட்டாசிம்மா. நான் கவுச்சி தொடமாட்டேன், முட்டையும்.”

அணியில் மலாய்ப் பிள்ளைகள் இருப்பதால் சாப்பாடு முழுக்க ஹலால் என்பது எங்களுக்கு எப்போதும் உள்ள ஏற்பாடு. அதனுள்ளேயே அண்ணனுக்கும் இன்னொருவனுக்கும் சைவத்தில் புரதம் தேட வேண்டும். ஹோட்டல் சமையற்காரரோடு பேசி சோயாவில் செய்த தெம்பே, தௌ குவா, அப்புறம் பருப்பு, தயிர் என்று பட்டியல் போட்டேன். காலையில் பக்கத்துக் கடைத் தோசை. அண்ணன் எங்களில் பலரைவிட நன்றாகச் சாப்பிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் நாள் வெயில் அனல், பிற்பகலில் இடி மழையால் ஆட்டங்கள் தள்ளிப்போயின. எங்கள் ஸ்க்ரம் ஒருமுறைகூட சரியவில்லை. கோப்பைச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை, அடுத்த நிலைச் சுற்றின் அரையிறுதியில் தோற்றோம். இரண்டாம் நாள் எங்கள் விங்கர் ஒருவன் கீழே விழுந்து தலை தரையில் மோதியது. பிசியோ உள்ளே ஓடுவதற்குள் அவனே கையைத் தூக்கிவிட்டான். முரண்டு பிடிக்கவில்லை, ஓரக்கோட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அணியில் எல்லோருக்கும் ஹூக்கர் தம்பியின் கதை தெரியும். அவனுக்கே விதிவிலக்கு கிடைக்கவில்லை என்றால் தனக்கும் கிடைக்காது என்று விங்கருக்குத் தெரிந்திருந்தது. இந்த வேலையில் எனக்கு நிறைவு தந்த நேரங்களில் அதுவும் ஒன்று. அன்றிரவு இரண்டு முறை அவன் அறைக்கதவைத் தட்டிப் பார்த்தேன். ஈசூன் அம்மாவுக்கும் ஒரு செய்தி அனுப்பினேன், அவர் பையன் நலம் என்று.

ஹூக்கர் தம்பி எங்களோடு வரவில்லை. அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறியவன், நாங்கள் திரும்பிவந்த பிறகும் என் அழைப்பை எடுக்கவில்லை. நானும் விடவில்லை. அவனுடைய ஒவ்வொரு படிக்கும் தேதி குறித்துப் பிசியோ மூலம் அனுப்பிக்கொண்டே இருந்தேன்: மெதுவோட்டம், பந்தோடு ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதி, மோதல் பயிற்சி. ஒவ்வொன்றையும் ஒழுங்காக முடித்தான். நீங்கள் செய்தது சரி என்று இன்றுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இப்போது வியாழக்கிழமைப் பயிற்சியில் கடைசி அரைமணி முன்வரிசைக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். புரட்டாசி அண்ணன்தான் நடத்துகிறார். போன தடவை “நான் நிக்கிறேன்” என்று வந்த இரண்டு பேரும் அதில் சேர்ந்து, முதலில் கழுத்துப் பயிற்சி, அப்புறம் இயந்திரம், அப்புறம் ஆளுக்கு ஆள் என்று கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எப்படிக் கோப்பது என்று அவர்களுக்குக் குனிந்து காட்டுகிறவன் ஹூக்கர் தம்பி.