மூடி எங்கே?

கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் உள்ளே பார்ப்பார்கள். மரம் கடைகிறவன் கவிழ்த்து அடியைப் பார்ப்பான். கட்டையைச் சுழற்றும் கடைசல் எந்திரத்தில் பிடித்த தடயத்தை ஒழுங்காகத் தேய்த்து எடுத்திருக்கிறானா, அல்லது சோம்பல்பட்டுப் பச்சை வெல்வெட் துணியை ஒட்டி மறைத்திருக்கிறானா என்பது அங்கேதான் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு, கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், நாங்கள் ஐந்து பேர் கூடி, அவரவர் கடைந்ததைப் பத்தமடைப் பாயில் பரப்பி, ஒருவர் அடியை மற்றவர் பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பம்பரம் மட்டும்தான் கடைவார். இன்னொருவர் பல் மருத்துவர். அவர் செய்யும் அகப்பைகள் எல்லாம் ஏனோ வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடி மாதிரியே இருக்கும். மற்ற இருவரும் வருவது பெரும்பாலும் அப்பளத்துக்காக என்பது என் சந்தேகம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் சேரன்மகாதேவியில் என் மச்சினன் வீட்டு வேம்பு சாய்ந்தது. ஊரே வெள்ளத்தில் தத்தளித்த நேரம். போனில் அவன் சொல்லி முடித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அடிமரம் எவ்வளவு பருமன் இருக்கும்?" என்பது. அதை அவன் இன்னும் மறக்கவில்லை.

பச்சை மரம் கடைவதில் உள்ள சுகம் காய்ந்த மரத்தில் கிடையாது. உளியை வைத்த மாத்திரத்தில் ஈரச் சீவல் நாடா நாடாவாகக் கழன்று தோளில் விழும். சாறு முகத்தில் தெறிக்கும். உதட்டை நக்கினால் கசக்கும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் தடிமனாகக் கடைந்து, மாதக்கணக்கில் நிழலில் உலரவிட்டு, மறுபடி எந்திரத்தில் ஏற்றி வட்டத்தைச் சரிசெய்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரமே பத்து அங்குல வாயில் மெல்லிய கிண்ணம் ஒன்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். விளிம்பின் உட்புறம் மூடி உட்கார ஒரு படி. மீதிக் கட்டையில் குமிழ் வைத்த மூடி. மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்க அன்று மட்டும் இருபது தடவையாவது மூடித் திறந்திருப்பேன். பிறகு இரண்டையும் தனித்தனியாக அலமாரியின் மேல் வைத்தேன்.

ஜனவரிக் கடைசி ஞாயிறு காலை எடுத்துப் பார்த்தால் மூடி பொருந்தவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் தூக்கியது. கிண்ணம் வட்டத்தை விட்டு நீண்டுபோயிருந்தது. செங்கோட்டை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மூடியை அங்கேயே போட்டுவிட்டுக் கிண்ணத்தை மட்டும் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

பாயில் வைத்ததும் தலைமையாசிரியர் எடுத்தார். வழக்கம்போல் அடியைப் பார்த்தார். பிறகு வாயைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"அண்ணாச்சி, இது நீள்வட்டம் அல்லவா? எந்திரத்தில் வட்டம்தானே வரும்?"

இங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவும் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது இதுதான்:

"கொஞ்சம் பொறுமை வேண்டும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "மையத்தை நகர்த்தி நகர்த்திக் கடைந்தீர்களா?" என்று பல் மருத்துவர் கேட்டார். "ஏறக்குறைய" என்றேன். அதுவும் மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் பொய் இல்லை. அடுத்த மாதம் நான் எந்திரத்தில் செய்து காட்ட வேண்டும் என்று அப்பளக்காரர்கள் இருவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். மருத்துவர் போனை எடுத்து நாள் குறித்துக்கொண்டார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

அன்று பார்த்து, தலைமையாசிரியர் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்திருந்தார். செப்புச் சாமான் என்கிற மர விளையாட்டுச் சாமான் கடைவது அவருடைய குடும்பத் தொழில். விரலளவு அம்மி, ஆட்டுக்கல், குடம், அடுப்பு என்று ஒரு சமையலறையையே ஓலைப்பெட்டிக்குள் அடக்குகிற தொழில். சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசல் சூட்டிலேயே அரக்கு இளகிப் பூசிக்கொள்ளும் என்பதைப் படித்து மட்டுமே அறிந்தவர்கள் நாங்கள். அவர் கை அதையே செய்து பழுத்தது. அதுவரை திண்ணையோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரை வைத்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கினார். அடியைப் பார்க்கவில்லை. கட்டைவிரலில் எச்சில் தொட்டு உள்சுவரில் ஒரு கோடு இழுத்தார். நனைந்த இடத்தில் மரத்தின் நார் பளிச்சென்று தெரிந்தது. நார் ஓடிய திசையில் கிண்ணம் நீளம். குறுக்கே அரை அங்குலத்துக்கும் மேல் குறைவு.

"மரம் எப்போது விழுந்தது?"

"டிசம்பர் மழையில், ஐயா."

"கடைந்தது?"

"பொங்கலுக்கு முன்னால்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. விளிம்பின் உட்புறப் படியில் விரலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மூடி எங்கே?" என்றார்.

தார்சாவில் ஒரு சத்தமும் இல்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலைமையாசிரியர் தவறாக வீட்டுப்பாடம் எழுதிய பையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பெரியவர் மட்டும் கிண்ணத்தை ஒரு குழந்தையின் தலையைத் தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தார். மரம் காயும்போது நாரின் நீளத்தில் ஏறக்குறையச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும், சுவர் மெலிதாக இருந்ததால் வெடிக்காமல் வளைந்து கொடுத்துவிட்டது என்றார். என் திறமை என்று இதில் எதுவும் இல்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. கிளம்பும்போது, "மூடியும் அதே கட்டைதானே? நாரோடு நாரை வைத்துப் பாருங்கள், தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மூடியைத் தேடினேன். அலமாரி மேல் இல்லை. அடுக்களையில் மோர்ச் சட்டியை மூடியிருந்தது. துடைத்து, நாரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். கொஞ்சம் யோசித்தது, பிறகு 'டக்'.

மனைவி வந்து, தானும் ஒருமுறை மூடிப் பார்த்தாள். குறுக்கே வைத்துவிட்டாள், ஏறவில்லை. "எந்தப் பக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், நகப்பூச்சுப் பாட்டிலோடு திரும்பினாள். நான் தடுப்பதற்குள் மூடியில் ஒரு சிவப்புப் புள்ளி, கிண்ணத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஊதிக் காயவைத்து, உள்ளே புளியைப் போட்டு, புள்ளிக்கு நேராகப் புள்ளியை வைத்து மூடிவிட்டாள்.

அடுத்த மாதம் புளியைக் கொட்டிவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். புள்ளிகளை யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.